தண்டனை நாளில் பிள்ளையின் பக்கம் யார் பேசுவது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை. பிள்ளைகளைக் கெடுத்தவர்கள் நீதிமன்றத்துக்குப் போய்விட்டுப் பின்னேரம் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள், இது என்ன நியாயம் என்று கேட்டிருக்கிறீர்கள். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வாசிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் சட்டத்தரணி இல்லை. கொழும்பில் 31 வருடம் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தவள். தமிழில் சாட்சி சொன்னவர்களைச் சிங்களத்திலும், சிங்களத்தில் கேட்கப்பட்ட கேள்விகளைத் தமிழிலும் சொன்ன குரல் என்னுடையது. அதில் பிள்ளைகளின் வழக்குகள் நிறைய. சட்டப் பிரிவுகளை ஒரு சட்டத்தரணியிடம் காட்டிச் சரிபார்த்த பிறகுதான் எழுதுகிறேன்.

அக்கா, என் மகளுக்குப் பன்னிரண்டு வயதில் ஸ்கூல் வேன் சாரதி அவளைத் துஷ்பிரயோகம் செய்தார். ஏழு வருடம் வழக்கு நடந்தது. போன கிழமை அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இரண்டு வருடச் சிறை, அதையும் பத்து வருடத்துக்கு ஒத்திவைத்துவிட்டார்கள். ஒரு லட்சம் ரூபாய் நட்டஈடு. எங்களுக்கு முன்னாலேயே படியிறங்கி, ஓட்டோ பிடித்து வீட்டுக்குப் போனார். “அம்மா, அப்ப நான் பொய் சொன்னன் எண்டு முடிவு பண்ணிட்டாங்களா?” என்று மகள் கேட்கிறாள். நான் என்ன சொல்ல?
— ஒரு தாய், மட்டக்குளி

தங்கச்சி, முதலில் மகளுக்கான பதில். இல்லை. அவள் சொன்னது உண்மை என்று அந்த ஆள் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டு, குற்றவாளி என்று பதிவாகிவிட்டது. அது வாழ்நாள் முழுக்க அவர் பெயரோடு இருக்கும். பிழை நடந்தது தண்டனையின் அளவில். அவளுக்கு இப்போது பத்தொன்பது வயது, இந்த வித்தியாசம் விளங்கும். ஒரு தடவை சொன்னால் போதாது, பல தடவை சொல்லுங்கள்.

உங்கள் கடிதம் என் கைக்கு வந்தபோது தண்டனை விதித்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. மேல் நீதிமன்றம் விதித்த தண்டனைக்கு எதிராக மேன்முறையீடு செய்ய 14 நாள்தான் இருக்கிறது. இதழ் அச்சாகும் வரை காத்திருந்தால் அது கடந்துவிடும் என்பதால் அன்றே உங்களுக்குத் தொலைபேசியில் சொன்னேன். இனி எழுதுவது மற்ற வாசகர்களுக்காகவும்தான்.

தண்டனை போதாது என்று மேன்முறையீடு செய்யும் அதிகாரம் சட்டமா அதிபருக்கு இருக்கிறது. அவராகச் செய்வார் என்று காத்திருக்க வேண்டாம். வழக்கு இலக்கம், தண்டனை விதித்த திகதி, என்ன தண்டனை, ஏன் போதாது என்பதை ஒரு பக்கத்தில் எழுதிப் புதுக்கடையிலுள்ள சட்டமா அதிபர் திணைக்களத்தில் நேரே கொடுத்து, பிரதியில் முத்திரை போட்டு வாங்குங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். 14 நாள் கடந்துவிட்டாலும் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். தண்டனை முறையானதா என்று மீளாய்வு செய்யும் அதிகாரம் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு உண்டு. அந்த மனுவைச் சட்டத்தரணி ஒருவர்தான் தயாரிக்க வேண்டும். வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு கட்டணம் வாங்காமல் உதவும், அதன் தலைமை அலுவலகமும் புதுக்கடையில்தான்.

சரி, இவ்வளவு சிறிய தண்டனை எப்படி வந்தது?

தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆ பிரிவைப் பாருங்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்த ஒருவருக்குப் பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் செய்தால் 7 வருடத்துக்குக் குறையாத, 20 வருடத்துக்கு மேற்படாத கடூழியச் சிறை. அதே வயதுப் பெண்பிள்ளையை வல்லுறவு செய்தால் 364ஆம் பிரிவின்படி குறைந்தது 10 வருடம். தண்டனை இவ்வளவுக்குக் கீழே இறங்கக் கூடாது என்ற ஏற்பாட்டைப் பாராளுமன்றம் 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தால் கொண்டுவந்தது. இன்னொரு பக்கம், தண்டனையை ஒத்திவைப்பது (அந்தக் காலத்துக்குள் வேறு குற்றம் செய்யாவிட்டால் சிறைக்குப் போகத் தேவையில்லை) பற்றிய 303ஆம் பிரிவு குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் இருக்கிறது. கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனை உள்ள குற்றத்துக்கு ஒத்திவைப்புக் கிடையாது, இரண்டு வருடத்துக்கு மேற்பட்ட சிறையையும் ஒத்திவைக்க முடியாது என்று அது சொல்கிறது. உங்கள் மகளின் வழக்கில் ‘இரண்டு’ என்ற எண் எங்கிருந்து வந்தது என்று இப்போது விளங்குகிறதா? ஆளை வீட்டுக்கு அனுப்புவதென்றால் தண்டனை இரண்டு வருடத்துக்குள் வந்தாக வேண்டும்.

அதற்கு வழிவிட்டது 2008 ஒக்டோபரில் நாட்டின் அதிஉச்ச மன்றமான உயர் நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்மானம். பதினாறு வயதுக்குக் குறைந்த பெண்பிள்ளை சம்பந்தப்பட்ட வழக்கொன்றில் அநுராதபுரம் மேல் நீதிமன்றம் ஒரு கேள்வியை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 364ஆம் பிரிவிலுள்ள கட்டாயக் குறைந்தபட்சம் நீதித்துறை அதிகாரம், கொடூரமான தண்டனைக்கு எதிரான பாதுகாப்பு, சட்டத்தின் முன் சமத்துவம் பற்றிய அரசியலமைப்பின் 4(இ), 11, 12(1) உறுப்புரைகளுக்கு முரணானது, நீதிபதி தனக்குப் பொருத்தமாகத் தோன்றும் தண்டனையை விதிக்கலாம் என்று பதில் வந்தது. அன்றிலிருந்து பத்து, ஏழு என்ற எண்கள் சட்டப் புத்தகத்தில் இருந்தாலும் நீதிபதியின் கையைக் கட்டுவதில்லை.

அந்தத் தீர்மானமே முழுப் பிழை என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே முடுக்கில் வளர்ந்த பதினைந்து வயதுப் பெண்பிள்ளையும் பத்தொன்பது வயதுப் பையனும் ஓடிப்போன வழக்கொன்றில் நான் மொழிபெயர்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை நீதிமன்ற வாசலில் பையனின் தாயைக் கட்டிப்பிடித்து அழுதாள். அவனுக்குப் பத்து வருடம் என்றால் என் மனமும் ஒப்பாது. ஆனால் அந்தப் பையனுக்காகத் திறந்த வழியால் நாற்பது வயது வேன் சாரதி நடந்து வெளியே வருகிறார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இதற்கு நீதிபதியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தண்டனை நாள் எப்படிப் போகும் என்று நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், குற்றத்தை ஒப்புக்கொண்டதும் அவருடைய சட்டத்தரணி எழும்புவார். “என் கட்சிக்காரருக்கு முன் குற்றம் எதுவும் இல்லை. திருமணமானவர். மூன்று பிள்ளைகள், மூத்த மகள் இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள். தாய் படுக்கையில். வீட்டில் உழைப்பவர் இவர் ஒருவர்தான். குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்றின் நேரத்தை மிச்சப்படுத்தியிருக்கிறார். ஏழு வருடமாக ஒரு தவணைகூடத் தவறாமல் வந்திருக்கிறார்.” இருபது நிமிடத்தில் ஒரு மனிதனின் முழு வாழ்க்கையும் நீதிபதிக்கு முன்னால் விரிந்துவிடும். அது அந்தச் சட்டத்தரணியின் கடமை, அதில் பிழையில்லை.

பிறகு அரச சட்டவாதியின் முறை. அவருடைய கோவையில் பிள்ளையைப் பற்றி இருப்பது பிறப்புச் சான்றிதழ், பொலிஸ் வாக்குமூலம், சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை ஆகிய மூன்றும்தான். மூன்றும் ஏழு வருடத்துக்கு முந்தியவை. அதன் பிறகு பிள்ளை எப்படி இருந்தாள் என்று ஒரு வரிகூட இருக்காது. ஒப்புக்கொண்ட வழக்கு என்பதால் பிள்ளை சாட்சிக் கூட்டில் ஏறுவதும் இல்லை. அவள் வெளியே வாங்கில் தாயோடு இருப்பாள். உள்ளே அவள் வாழ்க்கையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தையும் பேசாமலே தண்டனை விதித்து முடிந்துவிடும். இதை நான் எத்தனையோ தடவை பார்த்தேன். மொழிபெயர்ப்பாளர் சொல்லப்பட்டதைத்தான் மொழிபெயர்க்கலாம். யாரும் சொல்லாததை நான் எப்படிச் சொல்வது?

பலருக்குத் தெரியாத ஒன்று இங்கேதான் இருக்கிறது. பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் உதவியளிக்கும், பாதுகாக்கும் சட்டம் 2015இல் வந்தது, 2023இல் அதற்குப் பதிலாக 10ஆம் இலக்கச் சட்டம் வந்தது. எதிரி குற்றவாளி என்று தீர்மானித்த பிறகு, தண்டனை விதிக்க முன்பு, அந்தக் குற்றம் தன் உடலையும் மனதையும் தொழிலையும் வருமானத்தையும் வாழ்க்கையையும் எப்படிப் பாதித்தது என்று நீதிமன்றத்துக்குச் சொல்லும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு இருக்கிறது. தானே சொல்லலாம், சட்டத்தரணி மூலமும் சொல்லலாம்.

ஆகவே வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கும் தாய்மாரே, இன்றைக்கே ஒரு கொப்பி வாங்குங்கள். பிள்ளை எந்த மாதம் பள்ளிக்கூடம் போக மறுத்தாள், எத்தனை நாள் போகவில்லை, எந்த வகுப்பில் புள்ளி இறங்கியது. லைட் அணைத்தால் நித்திரை கொள்கிறாளா? படுக்கையை நனைக்கிறாளா? வேன் சத்தம் கேட்டால் என்ன செய்கிறாள்? ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குப் போன கிளினிக் கார்டை எறியாதீர்கள். வீடு மாறினீர்களா, அட்வான்ஸ் எவ்வளவு கொடுத்தீர்கள்? பிள்ளையைத் தனியே விட முடியாமல் கார்மண்ட் வேலையை விட்டீர்களா, எவ்வளவு சம்பளம் போயிற்று? எல்லாவற்றையும் திகதி போட்டு எழுதுங்கள். ஒவ்வொரு தவணையும் ஏன் பிற்போடப்பட்டது, யார் கேட்டார்கள் என்பதையும் எழுதி வையுங்கள். தாமதத்தையே காரணம் காட்டித் தண்டனையைக் குறைக்கச் சொல்லும்போது அந்தத் தாமதத்துக்கு யார் காரணம் என்று சொல்ல உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும். சிறுவர் துஷ்பிரயோக வழக்குகளுக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்று 1998இலேயே சட்டம் சொல்லிவிட்டது.

அந்தக் கொப்பியை இரண்டு பக்கக் கடிதமாக்கி அரச சட்டவாதியிடம் கொடுங்கள். எதிரி குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறார் என்று காதில் விழுந்த அன்றே கொடுங்கள். பல வழக்குகளில் ஒப்புக்கொண்ட அன்றே தண்டனையும் விதித்துவிடுவார்கள்.

உங்கள் மகள் தானாகவே எழுதட்டும் தங்கச்சி. மேன்முறையீட்டுக்கு அது உதவுமா என்று சட்டத்தரணி சொல்வார். ஏழு வருடம் யாரும் கேட்காததை எழுதி முடிப்பதே அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

இந்த மிருகங்களைத் தூக்கில் போட்டால் எல்லாம் சரியாகிவிடும். ஏன் அரசாங்கம் பயப்படுகிறது?
— இளைஞர் ஒருவர், கொம்பனித்தெரு

தம்பி, உங்கள் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் இரண்டு விஷயத்தை யோசியுங்கள்.

இலங்கையில் கடைசியாக ஒருவரைத் தூக்கில் போட்டது 1976இல். மரண தண்டனை இன்றும் விதிக்கப்படுகிறது, நிறைவேற்றப்படுவதில்லை. 2015இல் கொட்டதெனியாவவில் ஐந்து வயதுச் சிறுமி கொல்லப்பட்டபோது நாடே தூக்கு தூக்கு என்று கத்தியது. அந்தக் கூச்சலுக்கு நடுவில் பதினேழு வயது மாணவன் ஒருவனைப் பொலிஸ் பிடித்தது. மரபணுப் பரிசோதனை வந்த பிறகுதான் அவன் செய்யவில்லை என்று தெரிந்தது. ஊரின் ஆத்திரத்துக்கு ஏற்றபடி அன்றே தூக்கில் போட்டிருந்தால் அந்தப் பையனின் கதி என்ன?

அடுத்தது, நான் மொழிபெயர்த்த வழக்குகளில் பெரும்பாலானவற்றில் எதிரி பிள்ளைக்குத் தெரிந்தவர். சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர், ரியூசன் மாஸ்டர், சில வேளை தகப்பன். நீ வாய் திறந்தால் அப்பாவைத் தூக்கில் போடுவார்கள் என்று வீட்டிலுள்ளவர்கள் சொன்னால் எந்தப் பிள்ளை பேசும்? சிறைக்குப் போவார் என்று சொல்லியே வாயை மூடிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

வல்லுறவு செய்து கொல்லப்பட்ட புங்குடுதீவு மாணவியின் வழக்கு நினைவிருக்கிறதா? 2015 மே மாதம் குற்றம் நடந்தது. மூன்று நீதிபதிகள் சேர்ந்து விசாரித்து 2017 செப்டெம்பரில் தீர்ப்புச் சொன்னார்கள். இரண்டே கால் வருடம். மக்கள் விடாமல் கேட்டதால் அது முடிந்தது. நீங்களும் உங்கள் நண்பர்களும் அதே வேகத்தை எல்லாப் பிள்ளைகளின் வழக்குக்கும் கேட்டால் நான் உங்களோடு வந்து நிற்பேன்.

என் தங்கை மகளின் விஷயத்தில் எதிரியின் ஆட்கள் ஐந்து லட்சத்தோடு வந்து நிற்கிறார்கள். “கேஸை வாபஸ் வாங்குங்கோ, வேணுமெண்டா பிள்ளைக்குப் பதினெட்டு வந்ததும் கலியாணமும் செய்து வைக்கிறம்” என்கிறார்கள். வழக்கு இழுபட்டுப் பிள்ளையின் பெயர் கெடுவதை விட இது நல்லது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள்.
— பெரியம்மா, கிராண்ட்பாஸ்

அக்கா, வாங்க வேண்டாம். ஒரு சதம்கூட வாங்க வேண்டாம்.

இது உங்கள் குடும்பத்துக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் இடையிலான சண்டை இல்லை. வழக்கைத் தொடுத்திருப்பது அரசு. நீங்கள் வாபஸ் வாங்குவதால் அது முடியாது. ஆனால் உங்கள் தங்கை ஒரு கடதாசியில் கையெழுத்துப் போட்டாலோ காசு வாங்கினாலோ என்ன நடக்கும் தெரியுமா? தண்டனை நாளில் எதிரியின் சட்டத்தரணி முதலில் தூக்கிக் காட்டுவது அதைத்தான். “இரு தரப்பும் சமாதானமாகிவிட்டது, பாதிக்கப்பட்ட தரப்பு நட்டஈடு பெற்றுக்கொண்டது.” ஒத்திவைத்த தண்டனைக்கு அது நல்ல சாட்டாகிவிடும்.

நட்டஈடு வேண்டுமென்றால் அதை நீதிமன்றமே விதிக்க வேண்டும். தண்டனையோடு நட்டஈடும் உண்டு என்று அந்தப் பிரிவுகளிலேயே இருக்கிறது. அப்படி வரும் காசை யாருக்கும் தலைகுனியாமல் வாங்கலாம்.

கலியாணப் பேச்சைப் பற்றி எழுதவே எனக்குக் கை நடுங்குகிறது. பிள்ளையைக் கெடுத்தவனுக்கே பிள்ளையைக் கொடுப்பதா? அந்தப் பெரியவர்களை என்னோடு ஒரு நாள் நீதிமன்றத்துக்கு வரச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து வற்புறுத்தினால், மிரட்டினால், அதையும் பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். பாதிக்கப்பட்டவரை மிரட்டுவது தனிக் குற்றம். 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கும் சொல்லுங்கள்.

தண்டனை போதாது என்று எங்கள் வட்ஸ்அப் குழுவில் எல்லோரும் கொதிக்கிறார்கள். ஒருவர் பாதிக்கப்பட்ட பிள்ளையின் படத்தையும் பள்ளிக்கூடப் பெயரையும் போட்டுவிட்டார். இது சரியா?
— ஆசிரியை, வெள்ளவத்தை

சரியில்லை ரீச்சர். சட்டப்படியும் குற்றம். பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் எதையும் வெளியிட்டால் 365இ பிரிவின் கீழ் இரண்டு வருடம் வரை சிறை கிடைக்கலாம். நல்ல எண்ணத்தோடு செய்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது. உடனே அழிக்கச் சொல்லுங்கள். படம் போடாமல், பெயர் சொல்லாமல், வழக்கு இலக்கத்தை மட்டும் போட்டுச் சட்டமா அதிபருக்கு எழுதுவோம் என்று குழுவைத் திருப்பிவிடுங்கள்.

என் மகனுக்குப் பதினொரு வயது. விளையாட்டுப் பயிற்றுவிப்பவர் அவனிடம் தவறாக நடந்துவிட்டார். பொலிஸுக்குப் போகலாம் என்றால், “ஆம்பிளைப் பிள்ளைதானே, வல்லுறவுச் சட்டம் பொம்பிளைகளுக்குத்தான்” என்று உறவினர் ஒருவர் சொல்கிறார்.
— தந்தை, தெமட்டகொட

வல்லுறவு என்ற பிரிவு பெண்களுக்கு மட்டும்தான், அது உண்மை. ஆனால் நான் மேலே எழுதிய 365ஆ பிரிவில் ஆண் பெண் வித்தியாசம் இல்லை. உங்கள் மகனுக்கும் அதே 7 முதல் 20 வருடம் பொருந்தும். இன்றே போங்கள். பொலிஸ் நிலையத்திலுள்ள சிறுவர் மற்றும் பெண்கள் பணியகத்தில் சொல்லுங்கள். தமிழில் வாக்குமூலம் எழுதச் சொல்லிக் கேளுங்கள், விளங்காத மொழியில் எழுதியதில் கையெழுத்துப் போடாதீர்கள். முக்கியமாக, “நீ ஏன் அவனை அடிக்கவில்லை” என்று மகனிடம் யாரும் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்த்த பையன்களை அந்தக் கேள்விதான் அதிகம் உடைத்தது.

பிள்ளையே விரும்பிப் போயிருந்தால்கூட ஆணைச் சிறையில் போட வேண்டுமா? காதலுக்குத் தண்டனையா?
— பல்கலைக்கழக மாணவர், வத்தளை

பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளையின் சம்மதம் சட்டத்தில் சம்மதமே இல்லை. இந்தக் கேள்வி பாராளுமன்றத்துக்கும் போனது. சிறுமிக்குப் பதினான்குக்கு மேல், ஆணுக்கு இருபத்திரண்டுக்குக் கீழ், சம்மதமும் இருந்தது என்றால் தண்டனையை ஒத்திவைக்கலாம் என்று 2024 பெப்ரவரியில் ஒரு சட்டமூலம் வர்த்தமானியில் வந்தது. பெண்கள் அமைப்புகளும் பெண் பாராளுமன்ற உறுப்பினர்களும் எதிர்த்ததால் அது கைவிடப்பட்டது.

வயது கிட்டத்தட்ட ஒன்றான இரண்டு பிள்ளைகளின் விஷயம் வேறு என்பதை நானும் ஏற்கிறேன், மேலே எழுதியும் இருக்கிறேன். எதிரி பதினெட்டுக்குக் குறைந்தவராக இருந்தால் தண்டனையைக் குறைக்கச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. ஆனால் தம்பி, ‘சம்மதம்’ என்று கூட்டில் நின்று சொன்ன பிள்ளைகளின் குரலை நான் கேட்டிருக்கிறேன். ஃபோன் வாங்கிக் கொடுத்தார், அதனால் போனேன். படத்தை எல்லோருக்கும் காட்டுவேன் என்றார், அதனால் போனேன். இப்படியான வழக்கில் எதிரியின் சிறைத் தண்டனையை ஒத்திவைக்கும்போது அவருடைய எதிர்காலத்தைப் பற்றித்தான் பேச்சு. அந்தச் சிறுமியின் எதிர்காலத்தைப் பற்றி எத்தனை பேர் பேசுகிறார்கள்?

அன்ரி, எனக்குப் பதினைந்து வயது. அடுத்த மாதம் நான் சாட்சி சொல்ல வேண்டும். எனக்குச் சிங்களம் சரியாக வராது. எல்லாருக்கும் முன்னால் அந்த வார்த்தைகளைச் சொல்ல வேண்டுமா? ஒரு வார்த்தை பிழைத்தால் அவரை விட்டுவிடுவார்களா?
— பெயரும் ஊரும் வேண்டாம்

மகள், உன் கடிதத்தில் இருந்த மற்ற விவரங்களை எடுத்துவிட்டேன். கடிதத்தைக் கிழித்தும் போட்டுவிட்டேன். இதை யார் எழுதினார்கள் என்று யாருக்கும் தெரியாது.

நீ தமிழிலேயே பேசலாம். கொழும்பில் நீதிமன்றம் சிங்களத்தில் நடந்தாலும் தமிழில் சாட்சி சொல்ல உனக்கு உரிமை உண்டு, மொழிபெயர்ப்பாளரை அரசுதான் தர வேண்டும். எல்லாருக்கும் முன்னால் சொல்ல வேண்டியதும் இல்லை. இப்படியான வழக்கில் வெளியாட்களை அனுப்பிவிட்டு விசாரிக்க நீதிபதிக்கு அதிகாரம் இருக்கிறது. அவரை நேருக்கு நேர் பார்க்கப் பயமாக இருந்தால், வேறு அறையிலிருந்து காணொளி மூலம் சாட்சி சொல்லவும் சட்டத்தில் இடமுண்டு. உன் முதல் வாக்குமூலத்தை வீடியோவில் எடுத்திருந்தால் 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டப்படி அதையே சாட்சியமாகப் பயன்படுத்தலாம். அம்மாவிடம் சொல்லி, இவை எல்லாவற்றையும் தவணைக்கு முதலே அரச சட்டவாதியிடம் கேட்கச் சொல்.

பிழைத்துவிடுமோ என்று கேட்டாய். நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம் நடந்ததைச் சொல்கிறேன். ஒன்பது வயதுப் பிள்ளை ஒருத்தி கூட்டில் நின்று, “அவர் என்னோட சேட்டை விட்டவர்” என்றாள். நம் வீடுகளில் பெண்பிள்ளைகளுக்கு அந்த விஷயத்தைச் சொல்ல இந்த ஒரு சொல்லைத்தான் பழக்கியிருக்கிறார்கள். நான் அவசரத்தில், குறும்பு என்று பொருள்படும் சிங்களச் சொல்லைப் போட்டுவிட்டேன். சின்னப் பிள்ளைகள் தண்ணீர் அடித்து விளையாடுவதற்குச் சொல்லும் சொல் அது. நீதிபதி தலையசைத்து எழுதத் தொடங்கினார். பிள்ளை என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு உடம்பு சில்லிட்டது. உடனே அனுமதி கேட்டு, “கனம் நீதிபதி அவர்களே, நான் சொன்ன சொல் பிழை. தமிழில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள் இருக்கிறது, பிள்ளையிடம் தெளிவாகக் கேட்க வேண்டும்” என்றேன். அவர் எழுதியதை வெட்டினார். திரும்பக் கேட்டோம். பிள்ளை எங்கே, எப்படி என்று சொன்னாள்.

பிழை திருத்தலாம் மகள். நானே திருத்தியிருக்கிறேன், நீயும் திருத்தலாம். “நான் முதல் சொன்னது பிழை, இதுதான் சரி” என்று சொன்னால் யாரும் உன்னைப் பொய்க்காரி என்று சொல்ல முடியாது. ‘தெரியாது’ என்பதும் பதில்தான். ‘மறந்துவிட்டேன்’, ‘கேள்வி விளங்கவில்லை, திரும்பக் கேளுங்கள்’ என்பவையும் பதில்தான். அந்த மூன்றையும் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லு. கதையைப் பாடமாக்கிக்கொண்டு போகாதே. உடம்பின் பெயர்களைச் சுற்றி வளைக்காமல் சொல்லு, அங்கே இருப்பவர்கள் இதைத் தினமும் கேட்பவர்கள். அழுகை வந்தால் அழு, தண்ணீர் கேள்.

மொழிபெயர்ப்பவர் உன் பக்கத்தில் நிற்பார். சின்னச் சின்ன வசனமாகச் சொல்லு. ஒரு வசனம் சொல்லிவிட்டு அவர் சிங்களத்தில் முடிக்கும் வரை நில், பிறகு அடுத்ததைச் சொல்லு. அவர் எதையாவது விட்டுவிட்டார் என்று தோன்றினால் நீதிபதியைப் பார்த்து, “நான் இன்னும் ஒன்று சொன்னேன்” என்று தமிழிலேயே சொல்லிவிடு.

அன்றைக்குக் காலையில் சாப்பிடாமல் போகாதே. பத்து மணிக்கு வரச் சொன்னாலும் உன் முறை வர மத்தியானம் ஆகலாம். அம்மாவை ஒரு போத்தல் தண்ணீரும் இரண்டு பணிஸும் கொண்டுவரச் சொல்லு.